வாசப்படிக்குள் முப்பத்தேழு கற்கள்

மகளே, நீ அனுப்பிய ஏணி வந்து சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. நல்ல ஏணி. மடக்கினால் கதவுக்குப் பின்னால் அடக்கமாக நின்றுகொள்கிறது, ஏறினால் ஆடுவதில்லை. இரண்டு முறை அதில் ஏறிப் பரணையும் பார்த்துவிட்டேன். உன் தொட்டில் கம்பு இருக்கிறது. ஒரு பித்தளை அண்டா, ஓடாத டேபிள் ஃபேன், ‘எதுக்காவது ஆகும்’ என்று உன் அம்மா சேர்த்து வைத்திருக்கும் அட்டைப் பெட்டிகள் எல்லாம் இருக்கின்றன. உன் கற்கள் இல்லை. அவை ஒரு நாளும் அங்கே இருந்ததில்லை. ‘பத்திரமா பரண்ல இருக்கு மக்கா’ என்று ஆறு வருஷமாக நான் சொல்லிவந்தது பொய். முப்பத்தேழும் நம் வீட்டு வாசப்படிக்குள் இருக்கின்றன. படிக்குப் பக்கத்தில் இல்லை, அடியில் இல்லை. உள்ளே, கான்கிரீட்டோடு கான்கிரீட்டாக.

இதை ஃபோனிலேயே சொல்லியிருக்கலாம். போன ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டபோது முயற்சியும் செய்தேன். ‘மக்கா, ஒரு விஷயம்’ என்று ஆரம்பித்தேன். ‘என்னப்பா?’ என்றாய். அந்தக் குரலைக் கேட்டதும் என் வாய் வழக்கம்போலத் தன் வேலையைக் காட்டிவிட்டது. எதிர்வீட்டு வாத்தியார் தலையில் ஹெல்மெட்டோடு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து பாதிச் சாப்பாடு முடித்த கதையைச் சொன்னேன். நீ சிரித்தாய். சிரித்து முடித்துவிட்டுத்தான் என் தலையில் இடியைப் போட்டாய். “சனிக்கிழமை ஒரு காரு பேசிட்டு வாரேன்ப்பா. கல்லையெல்லாம் இறக்கி வச்சிருங்க. துடைக்காண்டாம், நம்பர் அழிஞ்சிரும். திங்கக்கிழமை மொத வகுப்புக்கு ஒண்ணாம் நம்பர் கல்லத்தான் கொண்டு போகப் போறேன்.” சரி மக்கா என்றேன். எனக்கு வேறென்ன சொல்லத் தெரியும்? தாலுகா ஆபீஸில் யார் என்ன கேட்டாலும் முதலில் சரி என்று சொல்லிப் பழகிய வாய்.

சேலத்துப் பக்கம் ஒரு கல்லூரியில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்து, இந்தப் பருவத்தில்தான் பாறைகளைப் பற்றிய பாடம் முதன்முதலாக உன் கைக்கு வந்திருக்கிறது. அப்படிப்பட்ட மகளுக்கு ஒரு தகப்பன் எழுதும் கடிதத்தில் நாலு நல்ல அறிவுரை இருக்க வேண்டும். மேலதிகாரியிடம் எப்படி நடந்துகொள்வது, வாடகை வீட்டில் தண்ணீர் வசதி பார்ப்பது, பிள்ளைகள் கேள்வி கேட்டால் தெரியாததைத் தெரியாது என்று சொல்வது என்றெல்லாம் இரண்டு தாள் எழுதினேன். கடைசி வரியைப் படித்ததும் எனக்கே சிரிப்பு வந்தது, கிழித்துப் போட்டேன். ஆகையால் இதில் அறிவுரை கிடையாது. நடந்தது மட்டும்தான்.

ஒன்றாம் நம்பர் கல்லை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நீ அப்போது எட்டாம் வகுப்பு. உன் அம்மாவுக்குப் பல் பிடுங்கிய ஞாயிற்றுக்கிழமை. உன்னை வீட்டில் விட ஆளில்லாமல், வாசுதேவநல்லூர்க் குளத்தை ஒட்டி ஒரு வயல் அளக்கப் போனபோது கூடவே கூட்டிப்போனேன். பாகம் பிரித்துக்கொண்ட அண்ணன் தம்பி இருவர் வரப்பின் இரண்டு பக்கமும் நின்றுகொண்டு, ஒரே பாட்டனாரை ஆளுக்கொரு விதமாகத் திட்டிக்கொண்டிருந்தார்கள். சர்வேயரான நான் நடுவில் எல்லைக்கல்லைத் தேடிக்கொண்டிருந்தேன். அது தம்பிக்காரர் வீட்டுக் கிணற்றடியில் துணி துவைக்கும் கல்லாகப் பதவி உயர்வு பெற்றிருந்தது பிற்பாடுதான் தெரிந்தது. அந்தக் கூச்சலுக்கு நடுவில் நீ குளத்துக்கரையிலிருந்து ஒரு கல்லைக் கொண்டுவந்து என் முன்னால் நீட்டினாய். சாம்பல் நிறம், உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு, மேலெல்லாம் மாதுளை முத்து பதித்ததுபோலச் சிவப்பு. தூரப் போடு என்றேன். நீ போடவில்லை, டிபன் பெட்டியில் வைத்துக்கொண்டாய். மூடி சரியாகப் பொருந்தாமல், வீடு வந்து சேர்வதற்குள் உன் பாவாடை முழுக்கப் புளியோதரை எண்ணெய்.

கல் நடுவதே என் பிழைப்பு. ஆனால் எனக்குத் தெரிந்த கல் வகை மூன்றுதான்: கருங்கல், வெள்ளைக்கல், செருப்பில்லாமல் நடந்தால் குத்துகிற கல். நீ திருநெல்வேலியில் படிக்கப் போன பிறகுதான், லீவுக்கு வரும்போதெல்லாம் நீ கற்களை நம்பர் போட்டு அடுக்கியிருந்த அலமாரிக்கு முன்னால் என்னை உட்கார வைத்து விளக்குவாய். ஒன்றாம் நம்பரைக் கையில் கொடுத்து, “இது மொதல்ல சேறுப்பா” என்றாய். கடலுக்கு அடியில் படிந்த சேறு. மேலே மேலே படியப் படிய அடிச்சேறு இறுகிக் கல்லாயிற்று, அப்போது அதற்குப் பெயர் படிவுப் பாறை. பிறகு அது பூமிக்குள் எத்தனையோ மைல் ஆழத்துக்குப் புதைந்து, மேலே இருந்த பாரத்திலும் கீழே இருந்த சூட்டிலும் வெந்தது. உருகவில்லை. உருகி மறுபடி ஆறியிருந்தால் அது தீப்பாறை. இதுவோ கல்லாக இருந்தபடியே உள்ளுக்குள் எல்லாம் இடம் மாறி, வேறு கல்லாகிவிட்டது. அந்தச் சிவப்பு மணிகள் வெளியிலிருந்து வந்து ஒட்டியவை அல்ல, அதே சேற்றுச் சரக்கிலிருந்து சூட்டில் வளர்ந்தவை. இதைச் சொல்லும்போது உன் முகம் எப்படி இருந்தது தெரியுமா? எனக்குப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. உடனே, ‘அப்படிப் பாத்தா உங்க அத்தையும் சேறாத்தான் இருந்திருப்பா, அடுப்படியில வெந்து இப்படி ஆயிட்டா’ என்று சொல்லி வைத்தேன். நீ சிரித்துவிட்டுக் கல்லை வாங்கி அதன் இடத்தில் வைத்தாய். அதற்கப்புறம் இரண்டாம் நம்பரை நீ எடுக்கவில்லை. அப்போது நான் அதைக் கவனிக்கவில்லை.

இனி வாசப்படிக்கு வருகிறேன். ஆறு வருஷத்துக்கு முன்னால், நீ கடைசி வருஷம் ஹாஸ்டலில் இருந்தபோது, உன் கடையநல்லூர் அத்தை ஒரு வரன் கொண்டுவந்தாள். ராஜபாளையம் ரோட்டில் கிரானைட் கடை வைத்திருந்த குடும்பம். கல்லைப் படித்தவளுக்குக் கல் விற்கிறவன் வீடு, இதைவிடப் பொருத்தம் எந்த ஜாதகத்தில் இருக்கும் என்பது என் அக்காவின் கணக்கு. எனக்கும் அப்போது அது நியாயமாகத்தான் பட்டது, என் அறிவு அவ்வளவு. பெண் பார்க்க வருவதற்கு இரண்டு நாள் முன்னதாகவே அத்தை வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். உன் அறை வாசலில் நின்றவள் நெஞ்சில் கை வைத்தாள். “ஏலே, என்னலே இது? கல்லுக்கு நம்பர் போட்டு வரிசையா அடுக்கி வச்சிருக்கா? வாரவிய பாத்தா செய்வினை வச்சிருக்காவன்னுலா சொல்லுவாவ.” பாடத்துக்காகச் சேர்த்தது என்று உன் அம்மா சொல்லிப் பார்த்தாள். பொம்பளைப் பிள்ளை அறையில் எலுமிச்சம்பழம் இல்லாததுதான் பாக்கி என்றாள் அத்தை. நானே ஒரு சிமெண்ட் சாக்கை எடுத்து வந்து, ஒன்றிலிருந்து முப்பத்தேழு வரை வரிசையாக அதற்குள் போட்டேன். ஒவ்வொரு கல்லைப் பற்றியும் நீ குறிப்பு எழுதி வைத்திருந்த நோட்டை மட்டும் தனியாக எடுத்து வைத்தேன்.

வாசலில் கொத்தனார் சுடலைமுத்து பழைய படியை உடைத்துவிட்டுப் புதிதாக அகலப் படி கட்டிக்கொண்டிருந்தார். வருகிற சம்பந்தி கல் வியாபாரி, காரை பெயர்ந்த படியில் ஏறி வரலாமா என்று அதுவும் அத்தையின் ஏற்பாடுதான். நான் சாக்கை மணல் குவியலுக்குப் பக்கத்தில் வைத்தேன். ஜல்லி குறைந்தது, கொத்தனார் அதுவும் ஜல்லிதான் என்று நினைத்து எடுத்துக் கொட்டிவிட்டார், நான் திரும்பி வந்து பார்ப்பதற்குள் மேலே பூச்சு விழுந்துவிட்டது. இதுதான் ஆறு வருஷமாக உன் அம்மாவிடம் நான் சொல்லிவந்த கதை. பிள்ளையிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்று அவள் எத்தனையோ தடவை சொன்னாள். கைத்தவறுதானே, கோபப்பட்டாலும் பிறகு புரிந்துகொள்வாள் என்றாள். கைத்தவறு என்ற அந்த வார்த்தையைக் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள், பின்னால் வேண்டியிருக்கும்.

பெண் பார்க்க வந்த அன்று நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். காலையில் வந்து இறங்கியதும் அலமாரியைப் பார்த்தாய். பரணில் ஏற்றியிருக்கிறேன், அவர்கள் போனதும் இறக்கித் தருகிறேன் என்றேன். முதல் பொய் அது. அதற்கு மேல் கேட்க உனக்கு நேரமில்லை, வேன் வந்துவிட்டது. மாப்பிள்ளையின் சித்தப்பா ஈரம் காயாத படியில் அழுத்தமாகக் கால் வைத்து ஏறினார். மாப்பிள்ளையின் அம்மா ஃபோனில் தன் சமையலறைப் படத்தைக் காட்டி, முழுக்க பிளாக் கிரானைட் என்றார். நீ எட்டிப் பார்த்துவிட்டு அவரிடமே, “அது கிரானைட் இல்ல அத்தை” என்றாய். கேசரித் தட்டு பாதி வழியில் நின்றது. நீயோ விடவில்லை. உருகின பாறைக்குழம்பு மேலே வராமல் பூமிக்குள்ளேயே மெதுவாக ஆறினால் மணி மணியாக வளரும், அப்படி வளர்ந்து வெளிறிய நிறத்தில் இருப்பதுதான் கிரானைட், இந்தக் கறுப்பும் தீப்பாறைதான் ஆனால் வேறு குழம்பு, வரி வரியாக இருப்பதோ தீப்பாறையே இல்லை, உருமாறின பாறை, கடையில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டார்கள் என்று வகுப்பே எடுத்தாய். மாப்பிள்ளையின் அப்பா காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். “அப்பம் முப்பது வருசமா நான் விக்கது என்னதும்மா?” நீ மிகவும் மரியாதையாக, “நல்ல கல்லுதான் மாமா, பேருதான் வேற” என்றாய். அந்த இடத்தில் உன் முதல் வகுப்பு முடிந்துவிட்டது. கேசரி முழுக்க நாங்கள்தான் சாப்பிட்டோம், மூன்று நாள்.

நீ சென்னைக்கு ஆராய்ச்சிப் படிப்புக்குப் போனாய். நான் பொய்யைப் பராமரிக்கத் தொடங்கினேன். முதல் வருஷம் நீ பரணில் ஏறப் பார்த்தபோது குளவிக்கூடு இருக்கிறது என்றேன். அடுத்த வருஷம் ஒன்பதாம் நம்பரை மட்டும் படம் எடுத்து அனுப்பச் சொன்னாய், குளவி போய் வௌவால் வந்திருக்கிறது என்றேன். பிறகு ஏணி உடைந்தது. ஏணி உடைந்தே இரண்டு வருஷம் கிடந்தது. நல்ல பொய், யாருக்கும் தொந்தரவு இல்லாத பொய். ஊரில் எல்லாப் பிள்ளைகளும் முதல் சம்பளத்தில் அப்பாவுக்கு வேட்டி எடுப்பார்கள், நீ ஏணி எடுத்து அனுப்பினாய். பிரித்துப் பார்த்தபோது உன் அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அன்றாவது உனக்கு எழுதியிருக்க வேண்டும். ஏணியோடு நின்று சிரித்தபடி ஒரு படம் எடுத்து அனுப்பினேன்.

ஆக, ஞாயிற்றுக்கிழமை ஃபோனை வைத்ததும் எனக்கு ஒரு யோசனை வந்தது. திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கள்ளக் கற்கள் சேர்க்கப் புறப்பட்டேன். உன் நோட்டு கையில் இருந்தது, எது எங்கே எடுத்தது என்று எழுதி வைத்திருக்கிறாய். வெள்ளை வெளேரென்ற வெங்கச்சங்கல் ரோட்டோரத்திலேயே கிடைத்தது. கரிசலில் இருந்து, சுண்ணாம்பு உறைந்த சுக்கான் கல் ஒன்று. வரி போட்ட கல் ஒன்று. பிறகு ஒன்றாம் நம்பருக்காக வாசுதேவநல்லூர் போய்க் குளத்துக்கரையில் குனிந்து தேட ஆரம்பித்தேன். சர்வேயர் ஒருவன் லீவு நாளில் தனியாகக் குனிந்து நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்திருக்க வேண்டும். கால் மணி நேரத்தில் ஆறு பேர் கூடிவிட்டார்கள். “சார், ரோடு எங்கன வருது?” என்றார் ஒருவர். ரோடு ஒன்றும் இல்லை, கல் பார்க்கிறேன் என்றேன். “கல்லு நடப் போறாவளாம்லே” என்று அவர் பின்னால் திரும்பிச் சொன்னார். ஓர் அம்மா தன் தென்னை எத்தனை வருஷத்து மரம் என்று என்னிடம் சொல்லி அழத் தொடங்கிவிட்டார். இல்லையம்மா, என் மகளுக்காக ஒரு கல் தேடுகிறேன் என்று உண்மையைச் சொன்னேன். இவ்வளவு பெரிய அதிகாரி இப்படிக் கூசாமல் பொய் சொல்கிறாரே என்பதுபோல எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். செவ்வாய்க்கிழமை ஆபீஸுக்குப் போனால், நாலுவழிச் சாலை குளத்துக்குள் போகிறதாமே என்று தாசில்தார் என்னிடமே விசாரிக்கிறார்.

சிவப்பு மணி வைத்த கல் கிடைக்கவில்லை. முப்பத்தேழில் மூன்றுதான் தேறியது. அந்த மூன்றுக்கும் ஆபீஸ் ஒயிட்னரால் நம்பர் போட்டு உன் அம்மாவிடம் காட்டினேன். அவள் கையில்கூட வாங்கவில்லை. “நம்பர் உங்க கையெழுத்துல இருக்கு” என்றாள்.

செவ்வாய்க்கிழமை மாலை சுடலைமுத்துவை வரவழைத்தேன். மூட்டு வலியோடு பாவம், வந்து படியில் உட்கார்ந்து உளித்தலையால் நாலு இடத்தில் தட்டிப் பார்த்தார். “நல்லா இறுகிட்டு அண்ணாச்சி. ஆறு வருசம் தண்ணியும் வெயிலும் குடிச்சிருக்கு. இது இப்பம் கல்லுதான்” என்றார். ஓர் ஓரத்தை மட்டும் பெயர்த்துப் பார்ப்போம் என்றேன். அரை மணி நேரம் உளி வைத்தார். ஒரு துண்டு தெறித்து என் காலடியில் விழுந்தது. பால் வெள்ளை, உடைந்த முகம் சீனிபோல மின்னியது. ஒரு பக்கத்தில் உன் பெயிண்டில் ஒன்பதின் தலை மட்டும் இருந்தது, வால் படிக்குள்ளேயே தங்கிவிட்டது. நோட்டைப் புரட்டினேன். ‘9. தாழையூத்துப் பக்கம். கடல் உயிர்களின் ஓடுகள் படிந்து சுண்ணாம்புக்கல் ஆனது, சுண்ணாம்புக்கல் வெந்து பளிங்கு ஆனது.’ கடலில் செத்து, மண்ணில் புதைந்து, பாதாளத்தில் வெந்து, மலையோடு மேலே வந்து, அத்தனைக்கும் தப்பிய கல். என் வீட்டு வாசலில் இரண்டாகப் போயிற்று. சிமெண்ட் விடவே இல்லை, மகளே. கல்தான் உடைந்தது. சுடலைமுத்து ஆறுதலாகச் சொன்னார்: “சிமிட்டியும் அந்தக் கல்லச் சுட்டுப் பொடிச்சதுதான அண்ணாச்சி. சொந்தக்காரன், பிடிச்சா விடமாட்டான்.” மெஷின் வைத்து உடைத்தால் என்ன என்று கேட்டேன். மெஷின் வைத்தால் படி வரும், கல் வராது, ஜல்லிதான் வரும் என்றார்.

எனக்கு ஆத்திரம் வந்தது. என் மேல் வர வேண்டியது அவர் மேல் வந்தது. நம்பர் போட்ட கல்லைப் பார்த்தும் பார்க்காமல் கொட்டிவிட்டீரே வே என்று கேட்டுவிட்டேன். உன் அம்மா அப்போது அவருக்குத் தேத்தண்ணீர் கொண்டுவந்து கதவருகில் நின்றாள். மனுஷன் உளியைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“நான் கேட்டேன்லா அண்ணாச்சி. பாப்பா நம்பர் எழுதி வச்சிருக்கே, போடவா வேண்டாமான்னு சாக்கைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். நீங்கதான், போட்டுரும் வே, சனியன் ஒழியட்டும்னிய.”

உன் அம்மா டம்ளரை அவர் கையில் கொடுத்துவிட்டு என்னைப் பார்க்காமல், “ஆறு வருசமா எங்கிட்டயுமா?” என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசியது இரண்டு வாக்கியம், இரண்டும் கேஸ் சிலிண்டரைப் பற்றி.

நான் மறந்திருந்தேன் என்று எழுத இந்தப் பேனாவுக்கு ஆசைதான். மறக்கவில்லை. சாக்கைக் கொட்டிய அன்று காலையில் நீ ஹாஸ்டலிலிருந்து கூப்பிட்டிருந்தாய். சென்னையில் ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்துவிட்டது, பெண் பார்க்க வருகிறவர்களை வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள் அப்பா என்றாய். எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாய். பார்க்கலாம் மக்கா, நீ முதலில் வந்து சேர் என்று சொல்லிவிட்டு ஃபோனோடு வாசலுக்கு வந்தேன், அங்கே சாக்கு இருந்தது. கோபம் என்று சொன்னால் கொஞ்சம் கௌரவமாக இருக்கும். கோபம் இல்லை, பயம். நீ பேசுவது எனக்குப் புரியாத இடத்துக்கு நீ போய்க்கொண்டிருந்தாய். நான் ஜோக் அடிக்க, நீ சிரிக்க, அதோடு சரி என்று இருந்தது நம் பழக்கம். அந்தக் கற்கள் மட்டும் என் ஜோக்குக்கு அடங்கவில்லை. கல் போனால் கிறுக்கும் போய்விடும், பிள்ளை பக்கத்திலேயே எங்காவது வாழ்க்கைப்பட்டு இருப்பாள் என்று அந்த ஒரு நிமிஷம் நான் நம்பினேன். போட்டுரும் என்றேன். கொட்டுகிற சத்தம் கேட்டதுமே தப்பு என்று தெரிந்துவிட்டது. கான்கிரீட் அப்போது ஈரமாகத்தான் இருந்தது, கை விட்டு எடுத்திருக்கலாம், முக்கால் மணி நேரம் இருந்தது. நான் நின்றுகொண்டிருந்தேன். சுடலைமுத்து மட்டப்பலகையால் மேலே இழுத்து இழுத்துச் சமப்படுத்துவதைப் பார்த்தபடி அப்படியே நின்றேன்.

நேற்று உன் நோட்டை முதலிலிருந்து கடைசிவரை படித்தேன். ஆறு வருஷம் ஆபீஸ் பீரோவில் கிடந்தும், இந்த வாரம் இடம் தேடிப் புரட்டியதைத் தவிர, அதுவரை அதைப் படிக்கத் துணிந்ததில்லை. பதினான்காம் நம்பரில், ‘அப்பா டிவிஎஸ்ஸில் வைத்துத் தூக்கி வந்தது. கருங்கல் என்றார். இல்லை. சொல்லவில்லை’ என்று எழுதியிருக்கிறாய். உன் பிறந்த நாளுக்கு நான் வயல்காட்டிலிருந்து கொண்டுவந்த கல் அது, எனக்கே மறந்துபோயிருந்தது. கடைசிப் பக்கத்தில் ‘இன்னும் கிடைக்காதவை’ என்று ஒரு பட்டியல். அதில், ஆற்றில் உருண்டுவந்த பலவகைக் கற்கள் ஒன்றாகப் படிந்து, இடையில் சுண்ணாம்போ மணலோ புகுந்து ஒட்டி இறுகிய பாறை ஒன்று வேண்டும், நம் பக்கம் கிடைக்காது என்று எழுதியிருக்கிறாய். படித்ததும் வாசலைத் திரும்பிப் பார்த்தேன். அந்த வகைப் பாறையில் ஒரு வண்டி நிறைய நம் வீட்டில் இருக்கிறது மகளே. ஆற்றுக்குப் பதிலாக உன் அப்பன்.

எந்தப் பாறையும் அப்படியே இருந்துவிடுவதில்லை என்றும் சொல்லியிருக்கிறாய். வெயிலில் விரியும், மழையில் அரிக்கும், வெடிப்பில் வேர் புகும், உதிர்ந்து மண்ணாகி ஓடையோடு போய்க் குளத்தில் படிந்து மறுபடி சேறாகும். அதையும் யோசித்தேன். இந்தப் படியும் ஒரு நாள் உதிரும், கல்லெல்லாம் தானாக வெளியே வரும். ஆனால் எனக்கு ரிட்டயர்மெண்டே இன்னும் இரண்டு வருஷத்தில் வருகிறது, உனக்கு வகுப்பு திங்கட்கிழமை.

செய்ய வேறொன்றும் தெரியாததால், எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். இன்று காலை டேப் பிடித்துப் படியை அளந்தேன். நீளம், அகலம், உயரம் எல்லாம் குறித்து, வயலுக்குப் போடுவதுபோலவே அளவு மாறாமல் ஒரு புலப்படம் வரைந்து இதோடு வைத்திருக்கிறேன். கிழக்கு மூலையில் ஒரு புள்ளி இருக்கிறது பார், அது ஒன்பதாம் நம்பரின் மீதிப் பாதி. அது ஒன்றுதான் நிச்சயம். மற்ற முப்பத்தாறும் எந்தெந்த இடத்தில் இருக்கின்றன என்று சுடலைமுத்துவுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. பெரிசெல்லாம் அடியில் இருக்கும் என்கிறார். இந்த உத்தியோகத்தில் இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு புள்ளியோடு நான் கையெழுத்துப் போட்ட படம் இதுதான். ஒன்றாம் நம்பரை எங்கே வைப்பது என்று பென்சிலோடு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். எங்காவது வைத்திருக்கலாம், நீ கண்டுபிடிக்கப் போவதில்லை. வைக்கவில்லை.

இன்று புதன்கிழமை. கூரியரில் போட்டால் வெள்ளிக்கிழமை உன் கைக்கு வந்துவிடும் என்கிறார்கள். கார் வேண்டாம் என்று சொல்லிவிட்டு நீ வராமலே இருக்கலாம், அது நியாயம்தான். மெஷின் வைத்து உடைத்து ஜல்லியாகவாவது தாருங்கள் என்று நீ சொன்னால் வெள்ளிக்கிழமையே உடைப்பேன், ஆளிடம் பேசி வைத்திருக்கிறேன். அப்படியே கிடக்கட்டும் என்றாலும் சரி. எது சரி என்று எனக்குத் தெரியவில்லை. என்னிடம் கேட்காதே, இந்த விஷயத்தில் நான் கடைசியாக முடிவெடுத்தது ஆறு வருஷத்துக்கு முன்னால்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். நேற்று மாலையிலிருந்து உன் அம்மா அந்தப் படியை மிதிக்கவில்லை. பால் வாங்கப் போவதானாலும் கோலம் போடப் போவதானாலும் பின்வாசல் வழியாக இறங்கி, வீட்டைச் சுற்றிக்கொண்டுதான் வருகிறாள். சனிக்கிழமை நீ வந்தால், எந்த வழியாக உள்ளே வருவாய் என்று எனக்குத் தெரியாது. இரண்டு கதவையும் திறந்து வைத்திருப்பேன்.

அப்பா